வெள்ளி ஊரும் பனி ஊரும்

என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளிச் சுரங்க ஊரில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு இது தெரிவிக்கப்பட்டுவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று என் அப்பா கேட்டார். "வடக்கே ஷான் மலையில வெள்ளி எடுக்கிற ஊரு எங்களுது" என்று பதில் வந்தது. என் அம்மா அடுப்படிக்குள் ஓடி வந்து, "வெள்ளிக்காரங்களாம்டி" என்று என் காதில் சொன்னாள். கல்யாணமாகி ரங்கூனில் அலோன் பகுதியில் இருந்த அவருடைய வீட்டுக்குள் கால் வைத்தபோது, அங்கே வெள்ளியில் இருந்தது ஒரே ஒரு குங்குமச் சிமிழ். அதுவும் என் அம்மா கொடுத்து அனுப்பியது.

எட்டு வயதில் அந்த ஊரை விட்டு வந்தவர் அவர். சுரங்கக் கம்பெனி கை மாறிய காலம் அது. அங்கே இருந்த தமிழர்களில் பலர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். இவருடைய அப்பா மட்டும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ரங்கூனுக்கு வந்து, அலோன் துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்தார். என் மாமனாரையும் மாமியாரையும் நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இருவரும் போய்விட்டார்கள். ஆகவே அந்த ஊரைப் பற்றி என் வீட்டுக்காரர் சொல்வதுதான் எங்கள் வீட்டில் சரித்திரம். மறுத்துச் சொல்ல ஆளில்லை.

அந்தச் சரித்திரம் இப்படிப் போகும். மலைமேல் சுரங்கம். கீழே ஆற்றங்கரையில் தாது உருக்கும் ஆலை. இரண்டுக்கும் நடுவில் வளைந்து வளைந்து ஏறும் ஒரு சின்ன ரயில். பொம்மை ரயிலைக் கொஞ்சம் பெரிதாகச் செய்தது போல இருக்குமாம். சீனர், ஷான், கூர்க்கா, தமிழர் எல்லாருக்கும் தனித்தனி லைன் வீடு. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் மேட்டில் பங்களா, கிளப். இதெல்லாம் உண்மைதான் என்று வேறு பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதற்குப் பிறகு வரும் பகுதியில்தான் எனக்குச் சந்தேகம். குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டுமாம். அதில் இவர் சறுக்கி விளையாடியிருக்கிறாராம். அந்தச் சின்ன ரயிலை ஓட்டியவர் இவருடைய அப்பாவாம்.

"உங்க ஊர்ல வெள்ளியை விட ஈயம்தான் நெறைய வெட்டினாங்களாமே" என்று எப்போதாவது வம்புக்கு இழுப்பேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். உனக்குத் தெரியாது."

"அப்ப நான் கட்டிக்கிட்டது வெள்ளி ஊர்க்காரரையா, ஈய ஊர்க்காரரையா?"

அவர் முகத்துக்கு முன்னால் செய்தித்தாள் உயரும்.

எங்களுக்கு ஒரே மகள். சிங்கப்பூரில் ஹோட்டல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், சில வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு மலை ஊரில் ஹோட்டல் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும். ஆனால் பேச ஆரம்பித்தால் பாதி வாக்கியத்தில் பர்மிய மொழிக்குத் தாவிவிடுவாள். அங்கே போன முதல் வாரம் வீடியோவில் கூப்பிட்டாள். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. கூரை, கார், மரம், எதிர் மலை எல்லாவற்றின் மேலும் யாரோ அரிசி மாவைக் கொட்டிவிட்டது போல இருந்தது.

"அம்மா, இந்த ஊருக்கு ஆளுங்க வர்றதே இந்தப் பனிக்குத்தான். கால்ல நீளமா ரெண்டு பலகை மாட்டிக்கிட்டு மலை மேலேர்ந்து சறுக்கிட்டு வருவாங்க. கீழ வந்ததும் மறுபடியும் கம்பியில தொங்குற நாற்காலியில உக்காந்து மேல போவாங்க."

"மேல போறதுக்கும் காசா?"

"அதுக்குத்தாம்மா காசு. சறுக்குறது சும்மா."

"அப்ப பனியை விக்கிறாங்கன்னு சொல்லு. இங்க கரன்ட் இல்லாத நாள்ல ஐஸ்கட்டியை மரத்தூள்ல பொதிஞ்சு விக்கிற மாதிரி."

மகள் சிரித்தாள். பிறகு அவள் சொன்ன ஒரு விஷயம் எங்கள் வீட்டின் நிம்மதியைக் குலைத்தது. அந்த ஊரும் முதலில் வெள்ளிச் சுரங்க ஊராம். வெள்ளி கிடைத்த நாளில் வங்கி, நாடக அரங்கு, பெரிய பெரிய ஹோட்டல் எல்லாம் எழும்பியதாம். வெள்ளியின் விலை விழுந்ததும் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர். பூட்டிய வீடுகள் நிறைய. சும்மா கிடந்த ஊருக்கு ஒரு காலத்தில் பனிச்சறுக்கு தெரிந்தவர்கள் வந்து, இந்த மலை நன்றாக இருக்கிறதே என்று ஆரம்பித்து வைத்தார்களாம். இப்போது ஏழை அங்கே தெருவில் நடக்கலாம்; வீடு வாங்க முடியாது.

இவ்வளவையும் என் வீட்டுக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"அப்படியே நம்ம ஊரு!"

"எதுப்பா நம்ம ஊரு?" என்றாள் மகள்.

"வெள்ளி இருந்துச்சு. போயிருச்சு. மலை இருக்கு. பனி இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

மறுநாள் காலை டீக்கடையில் இதுதான் பேச்சு. எங்கள் மாடிக்கு மேல்மாடியில் ஒரு பர்மியப் பெரியவர் இருக்கிறார். ஆற்றில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். இவருக்கு நாற்பது வருட நண்பர், எதிராளியும் அவரே. நான் காலைச் சாப்பாட்டுக்கு மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கப் போனபோது இருவரும் முட்டிக்கொண்டிருந்தார்கள். வடக்கே நடக்கும் உள்நாட்டுச் சண்டை நின்று வழி திறந்ததும் வெள்ளி ஊருக்குக் கம்பி நாற்காலி போட வேண்டும், வெளிநாட்டுக்காரர்கள் குவிவார்கள் என்பது இவர் கட்சி.

"எதுல சறுக்குவாங்க?" என்று கேட்டார் படகுப் பெரியவர்.

"பனியிலதான்."

"நான் உங்க ஊருப் பக்கம் லாஷியோவில ரெண்டு வருஷம் இருந்திருக்கேன். அங்க குளிரும். சறுக்குற அளவுக்குப் பனி விழுந்து நான் பார்க்கலையே."

"லாஷியோ வேற. எங்க ஊரு வேற."

"சரி. பனி விழாத நாள்ல?"

இவர் லபேயே டீயை ஒரு வாய் குடித்தார். "பைன் மர இலை மேலயும் சறுக்கலாம்" என்றார். கடைக்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நானும் கையில் தூக்கோடு நின்று சிரித்தேன். மனைவி இப்படிச் செய்யலாமா என்று நினைக்கக்கூடாது. நாற்பது வருடம் கேட்டவளுக்கு அந்த உரிமை உண்டு.

சில மாதம் கழித்து மகள் இன்னொரு செய்தி சொன்னாள். அந்த ஊரில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய சுரங்க விளக்கு, மண்வெட்டி, மஞ்சள் பூத்த படங்கள். அதை நடத்தும் அம்மாள் ஹோட்டலுக்குச் சாப்பிட வருவாராம். பேச்சுவாக்கில் மகள், "எங்க அப்பாவும் வெள்ளிச் சுரங்க ஊர்ல பிறந்தவர்தான்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் விடவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, பழைய சுரங்கக் குடும்பத்து ஆட்கள் கூடி அவரவர் வீட்டுக் கதையைச் சொல்லும் ஒரு மாலை உண்டாம். இந்த வருடம் உன் அப்பாவும் பேச வேண்டும், திரையில் வரட்டும், நீ மொழிபெயர் என்று கேட்டிருக்கிறார். அவர்களுக்கு மாலை, நமக்கு மறுநாள் காலை.

"பேசுறேன்" என்றார் இவர், மகள் சொல்லி முடிக்கும் முன்பே.

அன்று முழுதும் வீட்டில் ஒரு தலைவர் உலாவினார். இரண்டாம் நாள் பேச்சைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். அப்பா ரயில் ஓட்டினார், பனி கொட்டியது. அதற்கு மேல் வரவில்லை. மூன்றாம் நாள் முகம் வாடிவிட்டது. ஒரு ஊரைப் பற்றி நாற்பது வருடம் பேசியவருக்கு, ஒரு சபையில் கால்மணி நேரம் பேச விஷயம் இல்லை.

"எனக்கு எட்டு வயசுதானே" என்றார் மெதுவாக. அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

"லான்மடாவுக்குப் போய் உங்க மமாவைப் பார்த்துட்டு வருவோம்" என்றேன்.

லான்மடாவில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் அந்த அம்மாள் இருக்கிறார். கடை அவர் மகனுடையது. அப்பா தமிழர், அம்மா ஷான். அதே வெள்ளி ஊரில், என் வீட்டுக்காரரின் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளிப் பிறந்து வளர்ந்து, கல்யாணம் செய்துகொண்டு ரங்கூனுக்கு வந்தவர். இவரை விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அக்கா என்பதைப் பர்மிய முறையில் மமா என்றுதான் இவர் கூப்பிடுவார். ஒரே ஊர்க்காரர், இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இவர் அடிக்கடி போகமாட்டார். ஏன் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

போனதும் ஊறவைத்த தேயிலையும் வறுத்த பயறும் தட்டில் வந்தன. இவர் விஷயத்தைச் சொன்னார். பிறகு, "மமா, அப்பா ட்ரெயின் ஓட்டினதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.

"யாரு அப்பா?"

"எங்க அப்பாதான்."

"உங்க அப்பா எங்க ட்ரெயின் ஓட்டினாரு? டிரைவரு ஒரு கூர்க்கா. பெரிய மீசை. உங்க அப்பா இஞ்சினுக்கு முன்னாடி உக்காந்து வருவாரு. மணல் போடுறது அவரு வேலை."

தேயிலையை எடுத்த இவர் கை நடுவழியில் நின்றது. "மணலா?"

"மழையில தண்டவாளம் வழுக்கும்ல. ஏத்தத்துல சக்கரம் சுத்தும், வண்டி நகராது. இந்தப் பக்கம் ஒரு ஆளு, அந்தப் பக்கம் ஒரு ஆளு, இஞ்சின் மூக்குல உக்காந்துக்கிட்டு கையால மணலை அள்ளி அள்ளித் தண்டவாளத்து மேல விட்டுக்கிட்டே வருவாங்க. சக்கரம் அதைப் பிடிச்சுக்கிட்டு ஏறும். மழையில நனைஞ்சுக்கிட்டு, ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. விழுந்தா வண்டிக்குக் கீழதான். உங்க அப்பா ஒரு நாளும் விழலை."

நான் இவர் முகத்தைப் பார்க்காமல் பயறைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை, அடுத்ததைக் கேட்டார்.

"பனி? பனியாவது உண்டா?"

"பனி இல்லாமலா? காலையில புல்லு மேல உப்புத் தூவின மாதிரி வெள்ளையா இருக்கும். வெயில் வந்தா போயிரும்."

"நாங்க சறுக்கி விளையாடுவோமே!"

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். பல் இல்லாத சிரிப்பு, தோள் குலுங்கியது. "அது பனி இல்லை, தம்பி. ஆலையில உருக்கினப்புறம் மிஞ்சுற கசடைக் கொண்டு வந்து கொட்டுவாங்க. கறுப்பா மலை மாதிரி கிடக்கும். அது மேல ஏறித் தகரத்துல உக்காந்து சறுக்கிக்கிட்டு வருவீங்க, நீயும் அந்தச் சீனப் பயலும். கால்சட்டை பின்பக்கம் கிழிஞ்சு, உங்க அம்மா வெறகுக் கட்டையோட தெரு முழுக்கத் துரத்தினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆனாலும் இவர் நின்றுகொண்டே வந்தார். அலோன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் குனிந்து என்னிடம், "மமாவுக்கு வயசாச்சு. மறந்திருப்பாங்க" என்றார்.

"உங்க கால்சட்டை எந்தப் பக்கம் கிழிஞ்சதுங்கிறது வரைக்கும் ஞாபகம் இருக்கே" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் டீக்கடைக்குப் போகவில்லை. படகுப் பெரியவர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் போனார். மகளுக்கு, பேசவில்லை என்று சொல்லிவிடு என்றார் இவர். நீங்களே சொல்லுங்கள் என்றேன் நான். அவரும் சொல்லவில்லை.

ஒரு காலையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே ஒரு கட்டை எடுத்து ஆயத் தொடங்கினார். வேரையும் இலையையும் ஒன்றாகப் போட்டார். நான் பிரித்துப் போட்டேன்.

"அப்பா வேலை முடிஞ்சு வந்தா, அம்மா அவரை வாசல்லயே நிறுத்திருவாங்க" என்றார். "ரெண்டு பாக்கெட்டையும் வெளிய இழுத்து உதறுவாங்க. அப்புறம்தான் உள்ளே விடுவாங்க. அப்படியும் பாயில மணல் இருக்கும். ராத்திரி முதுகுல நறநறன்னு உறுத்தும். ஆத்துல குளிச்சிட்டு வர்றாரு, அந்த மணல்னு நினைச்சிருந்தேன்."

அவர் இன்னொரு கட்டை எடுத்தார்.

"இஞ்சின் வளைவுல திரும்பி வரும். எல்லாருக்கும் முன்னால அப்பாதான் தெரிவாரு. டிரைவரு அவருக்குப் பின்னால எங்கயோ இருப்பாரு. முன்னால உக்காந்திருக்கிறவர்தானே வண்டியை ஓட்டணும்? எனக்கு அப்படித்தான் தோணிச்சு. நான் பொய் சொல்லலை."

"தெரியும்" என்றேன். அன்று நான் அவரைக் கேலி செய்யவில்லை.

கூட்டம் நடக்கவிருந்த காலையில் எங்கள் வீடு கல்யாண வீடு போல இருந்தது. குளிர் ஊர்க்காரர்களோடு பேசுவதால் கோட்டுப் போட வேண்டும் என்றார். படகுப் பெரியவரின் மருமகனுடைய கோட்டு வந்தது. சித்திரை வெயிலில், வியர்வை வழிய, மேலே கோட்டும் கழுத்துப் பட்டையும். கேமராவுக்குத் தெரியாத கீழ்ப்பாகத்தில் வீட்டு லோஞ்ஜி. எழுந்து மட்டும் நின்றுவிடாதீர்கள் என்று எச்சரித்தேன். எங்கள் தெருவுக்கு அந்த நேரத்தில் கரன்ட் கிடையாது. பாட்டரியில் போனும் ஒரு சின்ன மின்விசிறியும் ஓடின. விசிறியை அவர் பக்கம் திருப்பினால் கடகடச் சத்தம் அமெரிக்காவுக்குக் கேட்கிறது என்று மகள் சொன்னதால் அதையும் நிறுத்தினோம். படகுப் பெரியவர் ஓலை விசிறியோடு கேமராவுக்கு வெளியே நின்றார். லான்மடாவிலிருந்து மமாவும் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்துவிட்டார். யாரும் அழைக்கவில்லை.

திரையில் ஒரு சின்ன அறை தெரிந்தது. தடிமனான சட்டை போட்ட வயதானவர்கள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் முன்னால் நின்றிருந்தாள்.

இவர் கை கூப்பினார். "எங்க அப்பா ரயில் ஓட்டினாருன்னு நான் நாற்பது வருஷமாச் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்று ஆரம்பித்தார். "போன மாசம்தான் தெரிஞ்சுது, அவர் ஓட்டலை."

அவர் நிறுத்தாமல் சொன்னார். மழை, ஏற்றம், இஞ்சின் மூக்கில் உட்கார்ந்த இரண்டு பேர், பாக்கெட் மணல், பாய் மணல். மகள் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னாள். மணல் கதையை அவளும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

அடுத்து அவர் குளிருக்கு வந்தார். "காலையில பனி இருக்கும்" என்றார்.

மகள் வாயைத் திறந்து மூடினாள். "அப்பா, எந்தப் பனி?"

"பனிதான்."

"மூடுபனியா, புல்லு மேல இருக்கிறதா, இங்க கொட்டுறதா? பர்மாவுல சொல்லுங்க."

இவர் பர்மிய மொழியில், "ஹ்னின்" என்றார்.

"ஹ்னின்னாலும் அதே மூணும்தான்பா!"

தமிழ் கைவிட்டது, பர்மிய மொழியும் கைவிட்டது. இவர் தத்தளிக்கும்போது, மமா கேமராவுக்குள் தலையை நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உப்புத் தூவிக் காட்டினார். அங்கே அத்தனை பேரும் புரிந்துகொண்டு தலையாட்டினார்கள். சறுக்கியது கசடு மேட்டில்தான் என்றும் இவர் ஒப்புக்கொண்டார். தகரம், கால்சட்டை, விறகுக் கட்டை எல்லாம் வந்தன. அறை அதிரச் சிரித்தார்கள்.

அப்போதுதான் எங்கள் கட்டிடம் முழுவதும், கீழ்மாடியிலிருந்து மொட்டைமாடி வரைக்கும், "மீ லாப்பி!" என்று ஒரே கூச்சல். விளக்குகள் எரிந்தன, தண்ணீர் மோட்டார்கள் உறுமின, படகுப் பெரியவர் ஓலை விசிறியைக் கீழே போட்டுவிட்டு மேல்மாடிக்கு ஓடினார், தண்ணீர் பிடிக்க. திரையில் எல்லாரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள். மகள், கரன்ட் வந்துவிட்டது, அதைத்தான் கொண்டாடுகிறார்கள் என்று விளக்கினாள். அந்தச் சபை எங்கள் கரன்ட்டுக்குக் கை தட்டியது.

கேள்வி நேரம் வந்தது. முன்வரிசையில் ஒரு வயதான அம்மாள் எழுந்தார். கேள்வி கேட்பார் என்று பார்த்தால், அவர் தன் கதையைச் சொன்னார். அவருடைய தாத்தா ஒரு சுரங்கத்துக்கே சொந்தக்காரர் என்றுதான் அவர்கள் வீட்டில் சொல்வார்களாம். உண்மையில் அவர் சுரங்கத்தில் வண்டி இழுத்த கோவேறு கழுதைகளுக்குத் தீனி போட்டவர். இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். அவர் உட்கார்ந்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அவர் தாத்தா பொறியாளர் என்று ஊரில் பேச்சு. நிஜத்தில் சமையல்காரர், அதுவும் சுமாரான சமையல். இப்படி ஒருவர் பின் ஒருவராக, அந்த ஊரின் பெரிய மனிதர்கள் எல்லாம் எங்கள் கண்முன்னே பதவி இறங்கினார்கள். அருங்காட்சியக அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பா, வேறு எதுவுமா, திரையில் தெரியவில்லை.

கடைசியாக ஒருவர் உண்மையாகவே கேள்வி கேட்டார். எங்கள் ஊரில் வெள்ளி போன பின் பனி வந்தது. உங்கள் ஊருக்கு என்ன வந்தது?

இவர் கோட்டுக் கையால் நெற்றியைத் துடைத்தார். "இப்ப அந்தப் பக்கம் சண்டை. யாரும் போக முடியலை. அங்க ஆளுங்க இருக்காங்க, எப்படி இருக்காங்கன்னு முழுசாத் தெரியலை" என்றார். பிறகு, சபையை அப்படியே விட்டுப்போக மனமில்லாமல், "நாங்க ரங்கூன்ல இருக்கோம். இங்கயும் சறுக்கல் உண்டு. மழைக்காலத்துல எங்க தெரு நடைபாதையில பாசி பிடிச்சிருக்கும். பலகை வேண்டாம், காசு வேண்டாம், செருப்பு போதும்" என்றார். இதை அவர் பேச்சில் எழுதிவைத்துக்கொள்ளவில்லை. தானாக வந்தது.

எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். மரியாதைக்கு இவரும் எழுந்தார். கோட்டுக்குக் கீழே பச்சைக் கட்டம் போட்ட லோஞ்ஜியும், முழங்காலும், இன்னும் கொஞ்சமும் அமெரிக்காவுக்குத் தெரிந்தன. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அருங்காட்சியக அம்மாள் மகளிடம் மறுபடியும் வந்தாராம். அந்த உப்புத் தூவிக் காட்டிய பெண்மணி யார், அடுத்தமுறை அவர் பேசுவாரா என்று கேட்டாராம். செய்தியை லான்மடாவுக்குக் கொண்டுபோனது என் வீட்டுக்காரர்தான். முகத்தைப் பெருந்தன்மையாக வைத்துக்கொண்டு போனார். மமா உடனே சம்மதித்தார். ஆனால் அடுத்த வருடம் வரைக்கும் தன் வயதில் யார் காத்திருப்பது, இப்போதே கூப்பிடு என்றார். மகள் பேசி ஏற்பாடு செய்தாள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிற்றுக் கடையின் மேல்மாடியில் மறுபடியும் திரை. மமா தமிழில் தொடங்கி, ஷான் மொழியில் கொஞ்சம் போய், பர்மிய மொழியில் திரும்பி வந்தார். சுரங்க லைன் வீடுகளில் எந்த வீட்டில் எந்த நாளில் என்ன சமைத்தார்கள், சீனர் வீட்டுப் பன்றி தப்பி ஓடிக் கிளப்புக்குள் நுழைந்தது, கூர்க்கா டிரைவரின் மனைவிக்கும் ஆலைக் கணக்கருக்கும் நடந்த வாய்ச்சண்டை. மகள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

என் வீட்டுக்காரர் மமாவுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தானும் திரையில் தெரியும்படி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருந்தார். நடுவில் ஒரு தரம், "அந்தப் பன்னியை நானும் பார்த்தேன்" என்றார்.

"நீ அப்ப பொறக்கவே இல்லை. சும்மா இரு" என்றார் மமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் சும்மா இருந்தார்.